எத்தனை மடங்கு உயர்த்தினீர்கள் என்று சொல்லுங்கள்

விண்வெளி ஆய்வு நிறுவனங்களின் ஒலியாக்கக் குழுக்களுக்கு,

வணக்கம்.

விண்வெளி அளவீடுகளை ஒலியாக மாற்றி நீங்கள் தரும் புதிய ஒலித்தொகுப்பு வந்துவிட்டது. கோப்பின் பெயரில் கோளின் பெயர் இருக்கிறது, பின்னணியில் அழகான படம் ஓடுகிறது. அதிர்வெண்ணை எத்தனை மடங்கு உயர்த்தினீர்கள், எந்த அளவீடு எந்த ஸ்வரமானது, ரிவெர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) சேர்த்தீர்களா என்ற விவரம் மட்டும் இந்த முறையும் இல்லை. முன்பும் எழுதிக் கேட்டிருக்கிறோம், மறுபடியும் கேட்கிறோம்: மாற்றிய கணக்கை ஒலியோடு சேர்த்தே கொடுங்கள்.

"விண்வெளியின் ஒலி" என்ற ஒரே பெயரில் நீங்கள் தருபவை ஒரே வகை அல்ல என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2021இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மைக்ரோஃபோன் செவ்வாயின் காற்றைப் பதிவு செய்தது. அது உண்மையான ஒலி. 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான ஈர்ப்பலை, 0.2 நொடிக்குள் சுமார் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. காதுக்கு எட்டும் அதிர்வெண்தான், ஆனால் அது காற்றின் அதிர்வு அல்ல, வெளியே சுருங்கி விரியும் அலை. சிறிய ஸ்பீக்கரில் 35 ஹெர்ட்ஸ் கேட்காது என்பதால் சுருதியை உயர்த்திய வடிவமும் வெளியானது. உயர்த்தியதில் தவறே இல்லை. கையில் இருப்பது எந்த வடிவம் என்று தெரியாமல் போவதுதான் தவறு.

சுருதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வாயேஜர் 1 விண்கலம் போதும். 2013 ஏப்ரல், மே மாதங்களில் அதன் கருவி பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) அலைவுகளைச் சுமார் 2,600 ஹெர்ட்ஸில் பதிவு செய்தது. ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 8,980ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்த அதிர்வெண். திருப்பிக் கணக்கிட்டால் அடர்த்தி சுமார் 0.08 என்று வரும். சூரியக்காற்றின் எல்லைக்குள் இருப்பதைப் போல இது ஏறத்தாழ 40 மடங்கு. விண்கலம் எல்லையைத் தாண்டிவிட்டது என்பது அந்தச் சுருதியிலிருந்துதான் உறுதியானது. அரைஸ்வரம் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) ஏறினால் அடர்த்தி 12 சதவீதம் கூடியதாகப் பொருள். இங்கே ஸ்வரமே அளவுகோல்.

இப்போது எங்கள் கஷ்டத்தைக் கேளுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிளிங் வீதத்தில், அதாவது நொடிக்கு 44,100 எண்களாக எழுதிய கோப்பைத் தலைப்பு விவரம் இல்லாமல் வெறும் எண்களாகக் கொடுக்கிறீர்கள். 48,000 என்று அமைத்த ஸ்டுடியோவில் அது ஏறும்போது சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைஸ்வரம் கூடிவிடும். பத்து நிமிடப் பதிவு 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். காதுக்கு எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க மூலச் சுருதி என்று ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. அதற்கேற்ப வயலினைச் சுருதி சேர்த்து, அதன்மேல் இருபது நிமிட இசையை எழுதி, பதிவும் முடிந்த பிறகுதான் மற்றொரு பிரதி கையில் கிடைக்கிறது. இரண்டில் எது சரி? வாயேஜர் பதிவில் இந்தப் பிழை நேர்ந்தால் அடர்த்தியை 18 சதவீதம் கூட்டிச் சொல்கிற இசை அது. ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இணையப் பக்கத்தில் எழுதினால் மட்டும் போதாது. பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தின் வெப்ப வாயுவில் ஓடும் அழுத்த அலைகள் 2003இல் அறியப்பட்டன. நடு ஸ்தாயி 'சி'க்கு 57 ஸ்தாயி கீழே உள்ள பி-ஃபிளாட் ஸ்வரம் அது (ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இருமடங்காகும்). ஓர் அலைவுக்குச் சுமார் ஒரு கோடி ஆண்டு. 2022இல் அதை 57, 58 ஸ்தாயிகள் உயர்த்தி ஒலியாக்கினார்கள். அதாவது 1,440 கோடி கோடி மடங்கும் அதன் இருமடங்கும். அந்தக் கணக்கை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனாலும் ஒலித்துண்டு கைமாறிப் பரவியபோது கணக்கு உதிர்ந்துவிட்டது. கூட்டத்தின் நடுவிலுள்ள கருந்துளையே ஓலமிடுகிறது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சியது. கோப்புக்குள் எழுதும் குறிப்பையும் பல தளங்கள் மறுபதிவின்போது நீக்கிவிடுகின்றன. ஆகவே தொடக்கத்தில் ஐந்து நொடி, ஒரு மனிதக்குரல் வாய்விட்டுச் சொல்லட்டும்: "வாயுவின் அழுத்த அலை, 57 ஸ்தாயி உயர்த்தப்பட்டது."

படத்தை இசையாக்கும் வகையில்தான் எங்களுக்குக் கோபமே வருகிறது. இடமிருந்து வலமாகப் படத்தை வருடி, உயரத்தைச் சுருதியாகவும் பிரகாசத்தை ஒலியளவாகவும் மாற்றுகிறீர்கள். ஐந்து ஸ்வர வரிசைக்குள் அடைத்துவிட்டால் எதுவும் இனிமையாகத்தான் ஒலிக்கும். ஒரு படத்தின் 256 உயரப் படிகளை மூன்று ஸ்தாயி, 15 ஸ்வரங்களில் அடைத்தால் ஏறத்தாழ 17 படிகள் ஒரே ஸ்வரமாகிவிடும். அந்த இனிமை உங்கள் தேர்வு, விண்மீனின் குணம் அல்ல. அப்படிச் சொல்லாததால்தான் பள்ளிகளில் "விண்மீன்கள் இந்த ராகத்தில் பாடுகின்றன" என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. பார்வையற்ற வானியற்பியலாளர் வாண்டா தியாஸ் மெர்செத் போன்றவர்களுக்கு ஒலி என்பது ஆய்வுக் கருவி. கணக்கு இல்லாத ஒலியைக் கொடுப்பது, அச்சில் எண் இல்லாத வரைபடத்தை நீட்டுவதற்குச் சமம். பார்வையுள்ள ஆய்வாளரிடம் அப்படி ஒரு வரைபடத்தைக் கொடுப்பீர்களா?

வானியலாளர் கெப்லர் 1619இல் கோள்களின் இசையை எழுதியபோது, சனி நாளொன்றுக்கு நகரும் கோணத்தைச் சூரியனிலிருந்து தொலைநிலையில் 1 கோணநிமிடம் 46 கோணநொடி, அண்மைநிலையில் 2 கோணநிமிடம் 15 கோணநொடி என்று அச்சிட்டார். 4:5 என்ற இசை விகிதத்துக்கு முதல் எண் 1 கோணநிமிடம் 48 கோணநொடியாக இருக்க வேண்டும். அந்த எண்ணையும் பக்கத்திலேயே வைத்தார். எவ்வளவு வளைத்தார் என்பதை இன்றும் கழித்துப் பார்க்கலாம். நாங்கள் கேட்பது அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆகவே பணிவோடு வேண்டுகிறோம். சுருக்காத 24-பிட் வேவ் கோப்பைக் கொடுங்கள். எம்பி3 காதுக்குத் தெரியாததை வெட்டிவிடுவதால் வேகத்தைக் குறைத்து மூலத்துக்குத் திரும்ப முடிவதில்லை. கூடவே மூல எண்களின் அட்டவணையும், எது எதுவாக மாறியது என்ற விவரமும், பிறகு சேர்த்த ரிவெர்ப், நீக்கிய இரைச்சல் பற்றிய குறிப்பும் வேண்டும். பழைய தொகுப்புகளுக்கு இதையெல்லாம் தேடி எடுக்க நேரமாகும் என்பது புரிகிறது. அடுத்த வெளியீட்டிலிருந்தாவது தொடங்குங்கள். எத்தனை மடங்கு என்ற அந்த ஓர் எண்ணையாவது முதலில் கொடுங்கள்.

இப்படிக்கு,
விண்தரவுகளைக் கொண்டு இசையமைப்போரும் ஒலிப்பொறியாளர்களும்