துணிக்கு எந்த ஊர்?

அன்புள்ள கயல்,

"உங்கள் பண்பாட்டிலிருந்து ஏதாவது வரையேன்" என்று உன் ஆசிரியர் சொன்னதற்கு நீ ஏன் அவ்வளவு கோபப்பட்டாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் புரிந்தது. லண்டன் பஸ்ஸை வரைந்தால் உன்னுடையது ஆகாது, கோலம் போட்டால்தான் ஆகுமா?

இதே கேள்வி அதே லண்டனில் யிங்கா ஷோனிபாரே என்ற கலைஞருக்கும் வந்திருக்கிறது. 1962இல் அங்கே பிறந்து, மூன்று வயதில் நைஜீரியாவின் லாகோஸுக்குப் போய், பதினேழு வயதில் திரும்பி வந்தவர். கலைக் கல்லூரியில் பெரெஸ்த்ரோய்காவை, அதாவது சோவியத் ரஷ்யாவில் கோர்பச்சேவ் கொண்டுவந்த சீர்திருத்தத்தை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாராம். அசல் ஆப்பிரிக்கக் கலையாகச் செய்யக் கூடாதா என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். மனிதர் நேரே லண்டனிலேயே இருக்கும் பிரிக்ஸ்டன் மார்க்கெட்டுக்குப் போய், எல்லாரும் ஆப்பிரிக்கத் துணி என்று சொல்லும் பளிச்சென்ற பூப்போட்ட துணியை விசாரித்தார். அங்கேதான் வேடிக்கை.

அதன் பூர்வீகம் ஜாவா. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் அங்கத்திய பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் மெஷினில் அச்சடித்தார்கள். துணியில் பூசிய பிசின் வெடித்து, அந்த விரிசலில் சாயம் இறங்கி, பூவுக்குக் குறுக்கே நரம்பு நரம்பாகக் கோடு ஓடும். ஜாவாவில் அதைக் குறை என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கோடுதான் பிடித்துப்போனது, ஒரு கஜம் போல இன்னொரு கஜம் இராது என்பதால். ஹாலந்திலும் மான்செஸ்டரிலும் அடித்து அங்கே அனுப்பினார்கள். டோகோ நாட்டின் லோமே சந்தையில் மொத்தமாக வாங்கி விற்ற பெண்கள் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்து 'நானா பென்ஸ்' என்றே பெயர் எடுத்தார்கள். டிசைன்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஜவுளியிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், பெயரில்லாத டிசைன் லேசில் விற்காது.

நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணிக்கும் இதில் பங்கு உண்டு. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் கலபாரி என்ற இன மக்களின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அது இருக்கும். பிளேடால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, நம் கட்டத்துக்குள்ளேயே தங்கள் டிசைனைக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தக் கரையில் ஐரோப்பியர்கள் அடிமைகளை வாங்க இந்தியத் துணியையும் விலையாகக் கொடுத்தார்கள் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷோனிபாரே அந்த 'ஆப்பிரிக்க'த் துணியில் விக்டோரியா காலத்து கவுன் தைத்துத் தலையில்லாத பொம்மைகளுக்குப் போட்டார். தி.நகர் ஷோகேஸ் மாதிரி இருக்கிறது என்று அம்மா சிரித்தாள். பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களின் தலை போனதை நினைத்துச் செய்ததாம். எனக்குப் பிடித்தது அவருடைய 'பிரிட்டிஷ் லைப்ரரி'. 2014இல் செய்தது, இப்போது டேட் அருங்காட்சியகத்தின் சொத்து. 6,328 புத்தகங்களுக்கு அந்தத் துணியில் அட்டை போட்டு, பல புத்தகங்களின் முதுகில் குடியேறி வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்திருக்கிறார். குடியேற்றமே கூடாது என்று பேசியவர்களின் பெயரையும் விடவில்லை. அவர்களுக்கும் அதே துணிதான். சிலவற்றின் முதுகில் பெயரே கிடையாது.

அதனால் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதே அம்மா. அவர் கேட்டார் என்று கோலம் வரைய வேண்டாம். அவர் கேட்டுவிட்டாரே என்று வீம்புக்குக் கோலத்தை ஒதுக்கவும் வேண்டாம். அதுவும் அவர் சொல்படி நடப்பதுதான். பஸ் வேண்டுமானால் பஸ்ஸையே வரை.

சனிக்கிழமை கிரீனிச் பக்கம் போய்விட்டு வா. கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே, பெரிய பாட்டிலுக்குள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலை ஷோனிபாரே வைத்திருக்கிறார். காற்றுப் பிடிக்கும் 37 கப்பல் பாய்களிலும் இந்தத் துணியின் டிசைன்தான். வெளியில் நிற்பதால் டிக்கெட் கிடையாது. போட்டோ எடுத்தால் பாய்களைக் கிட்டத்தில் எடு, விரிசல் கோடு இருக்கிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும். அப்புறம், பருப்புப் பொடி பார்சல் வந்ததா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா