மூக்கைப் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நீ என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மூலையில் தெரியும் உன்னுடைய சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். முடியை ஒதுக்கினாய், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாய். கடைசியில், "அப்பா, என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று கேட்டுவிட்டு கேமராவை அணைத்துவிட்டாய். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். முப்பது வருஷம் ஸ்டுடியோவில் முகம் பார்த்தே பிழைத்தவன், ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆளைக் கிட்டே நின்று எடுக்காதே என்பதுதான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் சொன்னது. ஆறேழு அடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டே போனால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் ஓடும். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபியிலும் இதே கதைதான். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்கே போட்டுவிட்டார்கள்: 5 அடியில் எடுப்பதைவிட 12 அங்குலத்தில் எடுத்தால் மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியுமாம். அந்த 30 சதவீதம் போனுக்குச் சேர வேண்டியது, உனக்கு இல்லை.

அப்புறம் கண்ணாடி. அதில் இடம் வலமாகும். 1977-இல் ஓர் ஆய்வில் பெண்களிடம் அவர்களுடைய படத்தையும், அதையே இடம் வலம் மாற்றிய பிரதியையும் காட்டினார்கள். பெரும்பாலும் அவர்களுக்குப் பிடித்தது கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம். கூட இருப்பவர்களுக்கோ நேர்ப்படம்தான் பிடித்தது. நீ உன் போட்டோவைப் பார்த்து 'யாரோ மாதிரி இருக்கேன்' என்கிறாயே, அதுதான் நாங்கள் இத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம்.

ஃபில்டரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அதே வேலையைப் பென்சிலால் செய்தவன் நான். நெகட்டிவ்வைச் சாய்வுப் பலகையில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, மருந்து தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். நெகட்டிவ்வில் கருப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கும்; அதனால் பருவும் தழும்பும் அதில் வெளுப்பாகத் தெரியும். அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் மறைந்துவிடும். டச்சிங் என்போம். வாங்க வருபவர்கள் கவரைப் பிரித்ததும், "நல்லா வந்திருக்கேன்ல?" என்பார்கள். இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நார்வேயில் 2022 முதல் விளம்பரப் படத்தில் உடம்பையோ தோலையோ திருத்தினால் அதைச் சொல்லும் முத்திரை போட வேண்டும் என்று சட்டம். அது எங்கள் ஸ்டுடியோவுக்கும் இருந்திருந்தால் முத்திரை குத்தியே கை ஓய்ந்திருக்கும்!

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஆறு வயசில் நீ படியில் விழுந்து தாடையில் மூன்று தையல் போட்டது நினைவிருக்கும். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு எடுத்த படத்தில் அந்தத் தழும்பு இருக்காது. நான்தான் பென்சிலால் மறைத்தேன். யாரும் கேட்கவில்லை, கை சும்மா இருக்கவில்லை. பிரிண்டை உன்னிடம் நீட்டியதும் நீ முதலில் படத்தைப் பார்த்தாய், பிறகு தாடையைத் தொட்டுப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் போட்டோ என்றால் தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொள்ளத் தொடங்கினாய். ஏதோ போஸ் என்று நினைத்து, அதையும் அழகாக வெளிச்சம் போட்டு எடுத்தேன். மடையன்.

நேற்று பெட்டியைக் குடைந்து அந்த நெகட்டிவ்வைத் தேடி எடுத்தேன். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு மெதுவாகத் துடைத்ததில் பென்சில் போய்விட்டது. தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் போனில் எடுத்து, கருப்பு வெள்ளையைத் திருப்பி, சாதாரணப் படமாக மாற்றித் தந்தான். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று தையலும் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்தச் சின்னக் கட்டத்தை மறைத்து வைக்க வழி இருக்கிறதாம், தம்பி சொல்கிறான்.

அப்பா