கூத்தாடிக்கு எதுக்கு அரசியலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு வாசகர், நடிகனுக்கு எதுக்குங்க அரசியல், நடிச்சமா காசு வாங்குனமான்னு இருக்க வேண்டியதுதானேன்னு எழுதியிருந்தார். படம் ஓடலன்னதும் கட்சி ஆரம்பிக்கிறாங்களே, அந்தக் கடுப்புல எழுதுனார்னா எனக்கும் அந்தக் கடுப்பு இருக்கு. ஆனா கலைஞன்னாலே சினிமாக்காரன் மட்டும்தானா சார்?

எங்க திருமங்கலம் பக்கம் நாடக நடிகர் தியாகி விஸ்வநாத தாஸ் பேரைக் கேட்டுப் பாருங்க. முடிதிருத்துற மருத்துவர் சாதியில பிறந்தவர்னு அவர்கூட ஜோடியா நடிக்கவே நடிகைங்க மறுத்திருக்காங்க, அந்த மனுசன் முருகன் வேஷத்துக்கே கதர் கட்டிக்கிட்டு வந்து, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதுன கொக்குப் பாட்டைப் பாடுவாராம், வள்ளி தினைப்புனத்துல விரட்டுற வெள்ளைக் கொக்கு யாருன்னு சனத்துக்கும் தெரியும் கீழ காத்திருக்கிற போலீசுக்கும் தெரியும். எத்தனை தடவை ஜெயிலு! 1940 டிசம்பர் 31ல சென்னையில மேடையிலயே, முருகன் வேஷத்தோடயே உயிர் போச்சு. கே.பி.சுந்தராம்பாளும் 1937 தேர்தல்ல காங்கிரசுக்காக ஊர் ஊராப் பாடுனவங்கதான்.

வெள்ளைக்காரன் 1876லயே நாடகத்தை அடக்கச் சட்டம் போட்டான் சரி, அவன் போனப்புறம் 1954ல நம்மாளுங்களே எம்.ஆர்.ராதாவை அடக்க புதுசா ஒண்ணு போட்டாங்களே, அதை என்ன சொல்றது? அதோட முக்கியமான பிரிவுகளை ஹைகோர்ட் ரத்து பண்ண 2013 ஆகிப்போச்சு, அதுவும் எழுத்தாளர், நாடகக்காரர் ஞாநி கேஸ் போட்டதால. சரி இனிமே நிம்மதின்னு பாத்தா 2015ல டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடுன தெருப்பாடகர் கோவனை ராத்திரியில வீடு புகுந்து தேசத்துரோக கேஸ்ல தூக்குனாங்க.

இப்பவும் பங்குனி, சித்திரையில எங்க பக்கம் வள்ளி திருமணம் நாடகம் போட்டா, சிரிக்க வைக்கிற கோமாளி பபூன் வந்ததும் ஆர்மோனியக்காரர்கிட்ட "அண்ணே, நூறு நாள் வேலைக் காசு ஏறுச்சாண்ணே"ன்னு ஒரு கேள்வி போடுவார் பாருங்க, பொம்பளையாளுக பக்கம் சிரிப்பு அடங்காது, முன்வரிசையில துண்டு போட்டு உக்காந்திருக்கவரு மட்டும் செல்போனை நோண்டுவாரு. கொஞ்ச நேரத்துல கமிட்டிக்காரர் ஒருத்தர் மேடைக்குப் பின்னாடி போய் "அரசியல் வேணாம்ப்பா, பர்மிசன் பிரச்சினையாயிரும்"னு காதுல ஓதிட்டு வருவாரு. அதே முன்வரிசை ஆளுதான் எலக்சன் வந்தா கரகாட்டம், தப்பாட்டக்காரங்களுக்குக் கட்சி கலர்ல பனியன் மாட்டிவிட்டு வெயில்ல வேன் முன்னாடி ஆடவிடுறாரு, அப்ப மட்டும் கலைஞனுக்கு அரசியல் இருக்கலாமாம்!

சினிமாக்காரங்க பேட்டிதான் வாராவாரம் வருதே, இந்தப் பங்குனிக்கு ஒரு நிருபரை மதுரைக்கு அனுப்பி ஒரு பபூன்கிட்டயும் நாலு கேள்வி கேளுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல வரச் சொல்லுங்க, விடிய விடிய நாடகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருமங்கலம்