மாமனாரின் ஈரலுக்கு நான் பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் ‘சிறுவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் வருவதற்குத் தாய்மாரின் அலட்சியமே காரணம்’ என்று ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். நான் அதைச் சமையலறையில் நின்றுதான் வாசித்தேன். மகனுக்காக எண்ணெய் விடாமல் முருங்கை இலைச் சுண்டல் அடுப்பில் இருந்தது. வாசித்து முடிப்பதற்குள் அது அடிப்பிடித்துவிட்டது. அந்த அலட்சியத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. சட்டையைக் கழற்றினால் விலாவை எண்ணலாம். கணவருக்கு 38 வயதில் நெஞ்சுவலி வந்தபோது, பிள்ளையின் இரத்தத்தையும் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். பிள்ளைகளுக்கு 110க்குள் இருக்க வேண்டிய எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு அவனுக்கு 236. கணவரின் தகப்பனார் 43 வயதில், வெள்ளாமை வெட்டுக்குப் போன இடத்தில் வரம்பிலேயே விழுந்து இறந்தவர். பேய் அடித்தது என்று ஊர் பேசியது. இரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை இழுத்தெடுக்க வேண்டிய ஈரல் அந்த வேலையைச் சரியாகச் செய்யாத பரம்பரை நோய் இது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துமா அந்தப் பெட்டியைக் கட்டினீர்கள்? என் மாமனாரின் ஈரலை நான் கண்டதுகூட இல்லை.

உங்கள் பக்கத்தின் கீழ்ப்பாதியில் பொரித்த கோழி விளம்பரம் வெகு அழகாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஆலோசனைக்கு வருவோம். ஒலிவ் எண்ணெய், புரொக்கோலி, சல்மன் மீன். ஓர் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நீட்டிய தாளிலும் இதே மூன்றுதான் இருந்தன. அந்தத் தாள் சிங்களத்தில். தமிழில் இல்லையா என்று கேட்டதற்கு, அடுத்த மாதம் வரும் என்றார்கள். எந்த வருடத்து அடுத்த மாதமோ! படம் பார்த்து விளங்கிக்கொண்ட எங்கள் அம்மா, சல்மன் என்றால் டின்மீன்தானே என்று இரண்டு டின் வாங்கி வந்துவிட்டார். களுவாஞ்சிக்குடியில் கரைவலையில் துடிக்கத் துடிக்க வருகிற சூடை மீனிலும் அதே நல்ல கொழுப்பு இருக்கிறது. ஆணத்துக்கு முதற்பாலை அள்ளி ஊற்றாமல், புளி விட்டுக் காய்ச்சினால் போதும். இதை எழுத ஒருவரும் இல்லை.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை தேங்காயோடுதான். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லையாமே என்று அம்மா பிட்டுக்குத் தேங்காய்ப்பூவை இரட்டிப்பாகப் போடுகிறார். இல்லைதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 90 அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பை ஏற்றுவதும் அதுதான். ஒரு பிள்ளையின் பிட்டுக்கு எத்தனை கரண்டி தேங்காய்ப்பூ போடலாம், சொதிக்கு இரண்டாம் பால் போதுமா, எருமைத் தயிரை அடியோடு நிறுத்துவதா, கிழமைக்கு எத்தனை முட்டை? அந்த டொக்டரிடம் கேட்க எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். மருந்து தேவைப்படும், சாப்பாட்டால் மட்டும் இது அடங்காது என்று சொல்வதற்கே அது சரியாகப் போயிற்று.

போன மாதம் என் தம்பி வீட்டில் குடிபுகுதல். பந்தியில் வடை வைத்தபோது மகன் நிமிர்ந்து, “மாமா, இது என்ன எண்ணெயில பொரிச்ச?” என்று கேட்டான். பந்தியே அமைதியாகிவிட்டது. தம்பியின் மனைவி இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலோ ரோல்ஸும் பற்றிஸும் காலையிலிருந்து ஒரே எண்ணெயில். கடலை அவித்து வையுங்களேன் என்றேன். விற்காது என்றார்கள். அவித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

இன்னொன்று. உங்கள் பக்கத்தை வாசித்துப் பயந்துபோன பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஒரு வயதுக் குழந்தைக்கு முட்டையையும் பட்டரையும் நிறுத்திவிட்டாள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது என்று ஒரு வரி போட இடம் இருக்கவில்லையா? கோழிக்கு இருந்ததே!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கச் சாப்பாடு தெரிந்த ஒரு போசணையாளரைப் பிடித்து, பிட்டு, இடியப்பம், சொதி, சூடை, தயிர் இவற்றுக்குக் கரண்டிக் கணக்கில் ஒரு அரைப் பக்கம் தமிழில் எழுதுவியுங்கள். அதை வெட்டி எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவேன். அம்மா என்னை நம்பமாட்டார், பேப்பரில் வந்தால் நம்புவார்.

மூன்று வருடத்துக்கு முன் பஸ் நிலையம் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். இதையும் வெட்டுவதானால், மாமனாரை வெட்டுங்கள். தேங்காயை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
அலட்சியமான ஒரு தாய்,
களுவாஞ்சிக்குடி.