புளிக் காலத்தில் வீட்டுக்குள்ளும் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 2 தேர்வு முடிவு வரும் நாட்களில், கூலித் தொழிலாளியின் மகள், கல் உடைப்பவரின் மகன் என்று உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. ஒன்று விடாமல் படிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நன்றாக எழுதுகிறீர்கள். அவர்களைப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் என்றும் கேட்டு எழுத வேண்டும்.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வளர்ந்தவள். அப்பா இறந்ததும் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மண்டியிலிருந்து புளி மூட்டை வீட்டுக்கு வரும். அம்மா ஓடு தட்டிப் போடுவார். நானும் தங்கையும் நார் உரித்துக் கொட்டை எடுப்போம். கிலோ கணக்கில் கூலி. நகக்கண் வெடித்து அதில் புளி ஏறினால் ராத்திரி தூக்கம் வராது. சோறு பிசைய முடியாது, அம்மாதான் ஊட்டிவிடுவார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. மூன்று வயிறு இருந்தது, வேறு என்ன செய்வார்?

2002-ல் பக்கத்துத் தெருவில் தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளி நடந்தது. அப்போது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பள்ளி டீச்சர் எங்கள் வீட்டுக்கு ஆறு முறை வந்தார். திண்ணையில் நின்று பேசிவிட்டுப் போகவில்லை. அம்மாவோடு தரையில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டே பேசினார். மதியம் சாப்பாடு உண்டு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை உண்டு என்றார். அந்த 100 ரூபாய்தான் அம்மாவை அசைத்தது. இரண்டு வருஷம் அங்கே படித்து, நேராக அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். இன்று இதே மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன்.

அந்தத் திட்டம் 2021-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. சரி, பெயர் மாறட்டும். வீடு தேடி வரும் ஆள் வேண்டுமே! 2016-ல் திருத்திய சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றும் விட்டிருக்கிறது. வியாபாரியின் மூட்டை வீட்டுக்குள் வந்துவிட்டால் அது குடும்பத் தொழில் ஆகிவிடுமா? கிடங்கில் சோதனை செய்தால் எந்தப் பிள்ளையும் அகப்படாது. எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள்.

போன பிப்ரவரியில் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போன ஒரு வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. ஐந்தாம் வகுப்புப் பெண் புளிக் குவியல் முன் உட்கார்ந்திருந்தாள். கையைக் காட்டச் சொன்னேன். மூன்று நகக்கண் வெடித்திருந்தது. அன்று மாலையே தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் மறுநாளே அந்த வீட்டுக்குப் போனார். அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பைப் புளிக் காலத்திலும், பகல் வேளையில், வீடு வீடாக நடத்த மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். கிராம சுகாதார செவிலியர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் கேட்டால் எந்த வீடு என்று சொல்லிவிடுவோம். தை பிறந்தால் மூட்டைகள் வரத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே இதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.