நியாயத்தீர்ப்புக்கு நடுங்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பெயரைச் சொல்லாமல் பொதுவிலேயே பதில் எழுதச் சம்மதித்தாயே, அதற்கு நன்றி. உன்னைப் போலவே இராத்திரியில் தூக்கம் கலைந்து கிடக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் முன்னால் போய் முழங்கால்படியிடுகிறாய். வீடு வந்து சேர்வதற்குள் பழைய பயம் திரும்பிவிடுகிறது. "இதுதான் தேவபயமா, அண்ணா? இது என்னை விட்டுப் போனால் நான் கெட்டுப்போவேனா?" என்று கேட்டிருக்கிறாய்.

நியாயத்தீர்ப்பே இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஒரேதரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும் மனுஷருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறது என்கிறது எபிரெயர் 9:27. நரகத்தைக் குறித்து இயேசுவே எச்சரித்தார். அதை மழுப்பிப் பேசுகிறவர்கள் யாருக்கும் நன்மை செய்வதில்லை.

ஆனால் தம்பி, நடுங்குகிறவர்கள் எல்லாரும் தேவனுக்குப் பயந்தவர்கள் அல்ல. அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தில் வரும் தேசாதிபதி பேலிக்ஸை நினைத்துப் பார். நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு ஆகியவற்றைப் பற்றி, அவனிடம் கைதியாக இருந்த அப்போஸ்தலன் பவுல் பேசப் பேச அவனுக்கு உள்ளே பயம் பிடித்தது. என்ன செய்தான்? "இப்போது நீ போகலாம்" என்று பவுலை அனுப்பிவிட்டான். பிறகும் அடிக்கடி அழைப்பித்துப் பேசினான், பவுல் ஏதாவது பணம் கொடுப்பான் என்ற எதிர்பார்ப்பில். 2 வருஷம் கழித்துப் பதவியை விட்டுப் போகும்போதும், யூதர்களின் தயவுக்காகப் பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான். நடுக்கம் வந்தது உண்மை. கை மட்டும் பணத்துக்காக நீண்டபடியே இருந்தது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியது எவ்வளவு கடுமையான வார்த்தை!

சீனாய் மலையடிவாரத்தில் நின்ற இஸ்ரவேல் ஜனங்களும் நடுங்கினார்கள். இடிமுழக்கம், மின்னல், எக்காளச் சத்தம், புகைகிற மலை. அவர்களிடம் மோசே சொன்னது யாத்திராகமம் 20:20-இல் இருக்கிறது. பயப்படாதிருங்கள் என்று தொடங்குகிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்கவே தேவன் எழுந்தருளினார் என்கிறார். ஒரு பயத்தை விடச் சொல்லி, இன்னொரு பயத்தைக் கையில் கொடுக்கிறார். அடுத்த வசனத்தைப் படி: ஜனங்கள் தூரத்தில் நின்றார்கள், மோசேயோ தேவன் இருந்த கார்மேகத்துக்குக் கிட்டப் போனார். உன் பயம் உன்னை எந்தப் பக்கம் நடத்துகிறது என்று பார்.

நான் பல காலமாகத் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் லேவியராகமம் 19:14. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு. செவிடனுக்கு நீ திட்டியது கேட்காது. குருடனுக்குத் தடுக்கி விழுந்தது தெரியும், கல்லை வைத்தது யார் என்று தெரியாது. சாட்சி இல்லை, வழக்கு இல்லை, பழிவாங்க வருகிற ஆளும் இல்லை. சரியாக அந்த இடத்தில் கர்த்தர் தம்மை நிறுத்துகிறார்: அவனுக்குக் கேட்காவிட்டால் எனக்குக் கேட்கும், அவன் பார்க்காவிட்டால் நான் பார்க்கிறேன். எகிப்தில் இருந்த எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்தார்கள் என்று வேதம் சொல்லும்போது, அவர்களுடைய கண்ணீரையோ உபவாசத்தையோ காட்டவில்லை. பார்வோன் கொல்லச் சொன்ன ஆண்பிள்ளைகள் உயிரோடிருந்ததைக் காட்டுகிறது. யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியாவுக்கு முன்னிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியையும் ஜனங்களிடம் வாங்கினார்கள். அவரோ 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்காமலிருந்தார். தேவனுக்குப் பயந்ததினால் நான் இப்படிச் செய்யவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நம் கூட்டங்களில் இது ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம். நியாயத்தீர்ப்பு என்றால் நான் தப்புவேனா மாட்டேனா என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 96-ஆம் சங்கீதத்தில் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று கேட்டு வானமும் பூமியும் மகிழ்கின்றன, காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. ஏமாற்றப்பட்டவர்களுக்கு அது நற்செய்தி. ஒரு நீதிபதியும் காது கொடுக்காத விதவைக்கு அது நற்செய்தி.

அப்படியானால் நமக்கு? நாமும் கல் வைத்தவர்கள்தானே. "கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்?" என்று கேட்ட 130-ஆம் சங்கீதக்காரன் உடனே சொல்கிறான்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, ஆகையால் பயப்படுகிறேன் என்று சொல்லவில்லை. மன்னிப்பைப் பெற்றவனுக்குத்தான் அதன் விலை தெரியும். நம்மை நியாயந்தீர்க்கும் அதிகாரம் முழுவதும் குமாரனிடம் ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது யோவான் 5:22. உனக்காக ஆணியடிக்கப்பட்டவர் அவர். அவருக்குள் இருக்கிற உனக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை. அவரை உன் தவறுக்காகக் காத்திருக்கிற கடின எஜமானாக எண்ணாதே. இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, மண்ணில் புதைத்த ஊழியக்காரன் அப்படித்தான் எண்ணினான், "பயந்து" என்று அவனே காரணம் சொன்னான்.

இப்போது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். நரகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, கூட்டாளிக்குத் தெரியாமல் கணக்கில் எடுத்த பணத்தைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய், "அவருக்கு இன்னும் தெரியாது" என்று. தம்பி, அவருக்குத் தெரியாது என்கிற அந்த இடம்தான் லேவியராகமம் 19:14. அதே புத்தகத்தின் 6-ஆம் அதிகாரம் வழியும் சொல்கிறது: எடுத்த முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுத்துவிடு, பலியையும் கொண்டுவா. ஆசாரியன் முன்னால் எவ்வளவு அழுதாலும் பணம் உரியவன் கைக்குப் போயாக வேண்டும்.

இதனால் மன்னிப்பை வாங்கிவிடலாம் என்று எண்ணிவிடாதே. வரி வசூலிக்கிறவர்களின் தலைவனான சகேயு பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் வந்ததினால்தான் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க அவனுக்குத் துணிவு வந்தது.

உன் கூட்டாளி கோபப்படலாம், கூட்டு முறியலாம். அது நடக்காது என்று நான் உறுதி சொல்ல முடியாது. இந்த வாரமே போய்ப் பேசு. தொகை மொத்தமாகக் கையில் இல்லையென்றால் எப்போது, எப்படித் தருவாய் என்பதை எழுதிக் கொடு. தனியாகப் போகக் கால் வரவில்லையென்றால் சொல், நான் உன்னோடு வருகிறேன்.

உனக்காக ஜெபிக்கும்,
உன் அண்ணன்