கையை மடக்க வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆளுக்கொரு கடிதம் எழுத உட்கார்ந்தால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல்.

எனக்கு வந்திருப்பது ஈசினோபிலிக் ஃபேசியைடிஸ். பெயரைச் சொன்னால் மருத்துவத் துறையில் இருப்பவர்களே சிலர் "என்ன, என்ன?" என்று திரும்பக் கேட்கிறார்கள். 1974இல் ஷுல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த நோய். தசையைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி வந்து அது தடித்துப்போகிறது. மேலே இருக்கும் தோலும் அதோடு சேர்ந்து இறுகுகிறது. தொடங்கும்போது வெறும் வீக்கம் மாதிரிதான் இருந்தது. நீர் இறங்க மாத்திரை தந்தார்கள். வீக்கம் போய், முழங்கைக்குக் கீழே தோல் கட்டையாகிவிட்டது.

தோல் இறுகுகிறது என்றதும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஸ்க்லெரோடெர்மா (விரல் தோலும் சேர்ந்து இறுகும் வேறொரு நோய்) என்றே முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டர், நீங்கள் மட்டும் அவசரப்படவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தீர்கள். அங்கே தோல் மெத்தென்றுதான் இருந்தது. குளிரில் விரல் வெளுக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. நகத்தோரம் லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள். அப்புறம் கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னீர்கள். முன்கையில் ரத்தக்குழாய் ஓடும் இடமெல்லாம் வாய்க்கால் வெட்டியதுபோலப் பள்ளமாக உள்வாங்கியது. "இதைத்தான் தேடினேன்" என்றீர்கள். அது இந்த நோயின் அடையாளம் என்ற அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

ஸ்டீராய்டை அன்றைக்கே தொடங்கலாம் என்று நான் கெஞ்சியபோதும், முதலில் ரத்தப் பரிசோதனையும் பயாப்ஸியும் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று உறுதியாக நின்றீர்கள். ஸ்டீராய்டு உள்ளே போனால், இந்த நோயில் கூடும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடும், தடயம் அழிந்துவிடும் என்று பிறகு புரிந்தது. அறுவை மருத்துவருக்கும் இதே காரணத்துக்காக நன்றி. மேல்தோலில் ஒரு துளி எடுத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. தோல், கொழுப்பு, உறை, கொஞ்சம் தசை என்று அடிவரை சேர்த்து ஒரு துண்டு எடுத்தீர்கள். தழும்பு கொஞ்சம் பெரிதுதான், பரவாயில்லை.

மருந்துக்கடைத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அழற்சியை அடக்க ஸ்டீராய்டோடு எனக்குத் தந்த மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் அட்டைப் பெட்டியில் தடித்த பேனாவால் "செவ்வாய் மட்டும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுத்தான் கொடுத்தார். ஃபோலிக் ஆசிட் வேறு நாளுக்கு, வேறு பெட்டியில். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அக்கா என்பதால், அவளையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொன்னார்.

பிசியோதெரபிஸ்ட் அவர்களே, உங்களுக்குத்தான் பெரிய கடன். முதல் நாள் உள்ளங்கைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னீர்கள். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும் அளவுக்கு இடைவெளி. மருந்து அழற்சியை அடக்கும், ஆனால் மடங்கிப்போன மூட்டு அதுவாக நிமிராது என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, மெதுவாக இழுத்து, அப்படியே பிடித்து வைத்திருப்பது. வெடுக்கென்று இழுப்பதே கிடையாது. வேகம் காட்டி நான் பளு தூக்கப் போனபோது தடுத்ததும் நீங்கள்தான். பழக்கமில்லாத கடும் உழைப்புக்குப் பின்தான் சிலருக்கு இந்த நோயே ஆரம்பித்திருக்கிறது என்றீர்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் கோணத்தை அளந்து எழுதிய அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்கா, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதை எல்லாம் நீ பெரிதாக நினைக்கமாட்டாய். ஸ்டீராய்டு புண்ணியத்தில் தூக்கம் போய், நடுராத்திரியில் நான் எரிந்து விழுந்ததைப் பொறுத்துக்கொண்டாயே, அதற்குத்தான் நன்றி. கொஞ்சம் தேறியதும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்த விடாமல் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வைத்ததும் நீதான்.

"முகம் பூசினாற்போல் இருக்கிறதே, உடம்பு தேறிவிட்டது" என்று பாராட்டிய நண்பர்களுக்கும் நன்றி. அதுவும் ஸ்டீராய்டு செய்த வேலைதான்.

இப்போது முழங்கை முழுதாக நீள்கிறது. இடது மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. சிலருக்கு இதோடு ரத்தம் சார்ந்த நோய்களும் வருவதுண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டுக்காக ஈரலையும் கவனிக்க வேண்டும். ஆகவே ரத்தப் பரிசோதனை இப்போதைக்கு விடாது. இறுகிய கையில் நரம்பு தேடி, ஒரே குத்தில் ரத்தம் எடுக்கும் ஆய்வகச் சகோதரி, அடுத்த முறையும் நீங்களே வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி